44 அடியா, 36 அடியா? பெருங்கடலுக்குப் பழைய பாய்மரப் படகு வாங்கும் முன்

கேள்வி

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். அவரும் கணவரும் நாற்பதுகளின் நடுவில் இருப்பவர்கள். பல ஆண்டுகளாகக் கிளப் படகுகளில் கரையோரமாகப் பாய் விரித்துப் பழகியவர்கள். வேலையை விட்டுவிட்டு மூன்று ஆண்டுகள் பெருங்கடல் பயணம் போகத் திட்டம். படகில் இவர்கள் இரண்டு பேர் மட்டுமே.

இரண்டு படகுகள் கண்ணில் பட்டிருக்கின்றன. முதலாவது, 2007இல் கட்டிய 44 அடிப் படகு. வாடகைக்கு ஓடியது, மூன்று அறைகள், விசாலம், பளபளப்பு. ஐரோப்பியச் சான்றில் 'ஏ பிரிவு', அதாவது பெருங்கடலுக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறது. சேமிப்பில் பத்தில் ஒன்பது பங்கை அது விழுங்கிவிடும். இரண்டாவது, 1984இல் கட்டிய 36 அடிப் படகு. நீளக் கீல் (படகு கவிழாமல் இருக்க அடியில் நீளமாக ஓடும் கனமான பகுதி), கனமான கண்ணாடி இழை உடல், மேலே தேக்குத் தளம். ஏற்கெனவே கடல்களைக் கடந்திருக்கிறது. விலை சேமிப்பில் பாதி.

பெரிய படகுதான் பாதுகாப்பு என்று கணவருக்கு முதலாவது பிடித்திருக்கிறது. வாசகிக்குக் கடல்நோய் உண்டு. "நீளக் கீல் இருந்தால்தான் பாதுகாப்பு" என்று அனுபவசாலிகள் சொல்லக் கேட்டு, இரண்டாவதன் பக்கம் சாய்கிறார். 44 அடிக்காரர் இரண்டு ஆண்டுக்கு முந்தைய சர்வே அறிக்கையை (படகின் நிலையை நிபுணர் சோதித்து எழுதியது) இலவசமாகத் தருவதாகவும், இன்னொருவர் வாங்கக் காத்திருப்பதால் இந்த வாரமே முன்பணம் வேண்டும் என்றும் சொல்கிறாராம். எதை வாங்குவது என்பதே கேள்வி.

பதில் (படகு சர்வேயர்)

அன்புள்ள வாசகிக்கு,

இந்த வாரம் முன்பணம் அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். இன்னொருவர் காத்திருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வாடகை நிறுவனங்கள் ஒரே மாதிரிப் படகுகளை மொத்தமாக வாங்கிச் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்பவை. அந்த ரகத்தில் இது கைநழுவினால் இன்னொன்று கிடைக்கும். அவசரப்பட்டுக் கொடுத்த பணம் அப்படித் திரும்பி வராது.

நீங்களும் உங்கள் கணவரும் படகின் ரகத்தைப் பற்றி விவாதிக்கிறீர்கள்: பெரியதா சின்னதா, நீளக் கீலா குட்டைக் கீலா, புதியதா பழையதா. பழைய படகு வாங்கும்போது ரகம் பாதிக் கதைதான். கடலில் உங்களைக் காப்பாற்றுவதும் கைவிடுவதும் அந்த ஒரு குறிப்பிட்ட படகின் இன்றைய நிலை. அதிலும், கண்ணுக்குத் தெரியாத இணைப்புகளின் நிலை.

'ஏ பிரிவு' எதைச் சொல்கிறது?

ஐரோப்பிய விதிகள் நடைமுறைக்கு வந்த 1998 முதல் அங்கே விற்கும் படகுகளுக்கு இந்தப் பிரிவு தரப்படுகிறது. காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 8ஐத் தாண்டும் காற்றையும், 4 மீட்டரைத் தாண்டும் அலையையும் சந்திக்கும்படி வடிவமைத்தது ஏ பிரிவு. சூறாவளி போன்ற அசாதாரண நிலைமைகள் அதில் அடங்காது. இது படகு தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளின் வடிவமைப்புக்குக் கொடுத்த சான்று. அதன் பிறகு அந்தப் படகு எத்தனை முறை பாறையில் தட்டியது, யார் எப்படிப் பழுது பார்த்தார்கள் என்பதெல்லாம் சான்றுக்குத் தெரியாது. 1984ஆம் ஆண்டுப் படகுக்கு அந்தச் சான்று இல்லை என்பதும் குறை அல்ல. அது கட்டிய காலத்தில் அப்படியொரு முறையே கிடையாது.

பெரிய படகு பாதுகாப்பானது, நீளக் கீல் பாதுகாப்பானது

இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. முதலில் உங்கள் கணவர் சொல்வது. பக்கவாட்டில் உடைந்து விழும் அலைதான் படகைக் கவிழ்க்கிறது. 1979ஆம் ஆண்டு பிரிட்டன், அயர்லாந்து கடலில் நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்மரப் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டு, புயலில் சிக்கிப் பந்தயக்காரர்கள் 15 பேர் இறந்தார்கள். அதன்பின் நடந்த சோதனைகளில், படகின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள உடையும் அலை பக்கவாட்டில் அடித்தால் சில படகுகள் கவிழ்ந்துவிடும் என்று தெரிந்தது. அந்தக் கணக்கில் நீளமான படகுக்குக் கொஞ்சம் கூடுதல் தாங்கும் சக்தி உண்டுதான்.

ஆனால் அதே விபத்துக்குப் பின் வந்த எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. படகின் எடையைப் பவுண்டில் எடுத்து 64ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வந்த விடையின் கனமூலத்தால், அடிக்கணக்கில் உள்ள அகலத்தை வகுங்கள். விடை 2க்குக் கீழே இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய விவரப்படி 36 அடிப் படகு 18,000 பவுண்டு, அகலம் 11 அடி. விடை ஏறக்குறைய 1.7. 44 அடிப் படகு 20,500 பவுண்டு, அகலம் 14 அடி. விடை 2ஐச் சற்றே தாண்டுகிறது. அகலமும் லேசான எடையும் சேர்ந்தால் நிமிர்ந்து நிற்கும்போது உறுதி. தலைகீழானால் அப்படியே கிடக்கவும் வாய்ப்பு அதிகம்.

இந்தக் கணக்கு எடை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கீலின் அடியில் ஈயம் இருந்தாலும் பாய்மர உச்சியில் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். அதனால் இதை மட்டும் வைத்துத் தள்ளிவிடாமல், இரண்டு படகுக்கும் எத்தனை டிகிரி சாயும் வரை தானாக நிமிரும் சக்தி இருக்கிறது என்று வடிவமைப்பாளரின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். பெருங்கடலுக்கு 120 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

இப்போது நீங்கள் கேள்விப்பட்டது. நீளக் கீல் படகு நேராகப் போகும், தரை தட்டினால் தாங்கும், சுக்கான் கீலோடு ஒட்டியிருப்பதால் அடிபடுவது குறைவு. ஆனால் அது மந்திரம் இல்லை. உலகைத் தனி ஆளாகச் சுற்றும் 2018 கோல்டன் குளோப் பந்தயத்தில் இந்திய மாலுமி அபிலாஷ் டோமி ஓட்டிய துரியா, 1968-69இல் உலகைச் சுற்றிய பழைய சுஹைலி படகின் வடிவில் நீளக் கீலோடு கட்டியதுதான். தெற்கு இந்தியப் பெருங்கடலில் அதுவும் உருண்டு பாய்மரம் முறிந்தது, அவர் முதுகில் பலத்த அடியோடு மீட்கப்பட்டார். போதுமான அளவு அலை உடைந்தால் இந்த அளவுப் படகு எதுவும் கவிழும். வானிலைப் பருவம் பார்த்துப் புறப்படுவது எந்தக் கீலையும்விடப் பெரிய பாதுகாப்பு.

எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும்

44 அடிப் படகில் என் முதல் கவலை கீல் பொருத்தியிருக்கும் இடம். அந்தக் கீல் போல்ட் போட்டு இறுக்கியது. உள்ளே தரைப்பலகையைத் தூக்கினால், உடலோடு பசை போட்டு ஒட்டிய கட்டச் சட்டம் ஒன்று தெரியும். கீலின் பாரத்தை உடல் முழுக்கப் பரப்புவது அதுதான். படகு வேகமாகத் தரை தட்டும்போது கீலின் முன்முனை கீழே இழுபடும், பின்முனை மேலே குத்தும். அந்தப் பின்முனைக்கு மேலே உள்ள சட்டத்தில் டார்ச் அடித்து, ஒட்டிய விளிம்பு முழுவதும் விரலால் தடவிப் பாருங்கள். மயிரிழை விரிசல், சட்டத்துக்கும் உடலுக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி, அந்த ஒரு இடத்தில் மட்டும் புதிதாக அடித்த பெயின்ட், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நின்று விசாரிக்க வேண்டும்.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2014 மே மாதம் சீக்கி ராஃபிகி என்ற படகு வட அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்தது. படகில் இருந்த நான்கு பேரும் உயிரிழந்தார்கள். முந்தைய தரைதட்டல்களும் அவற்றுக்குப் பின் நடந்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து கீல் பொருந்தும் இடத்தைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று பிரிட்டிஷ் கடல் விபத்து விசாரணைப் பிரிவு சொன்னது. வாரா வாரம் புதுப்புது ஆட்கள் ஓட்டும் வாடகைப் படகு தரை தட்டாமல் பல ஆண்டுகள் ஓடியிருக்கும் என்று நான் நம்பமாட்டேன். தட்டியது தவறு இல்லை. பழுது பார்த்த ரசீதும் படமும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், ஒட்டிய சட்டத்தைத் தனியாகச் சோதிக்காமல் அந்தப் படகைத் தொடாதீர்கள்.

36 அடிப் படகில் நீங்கள் ஆசைப்பட்டு எழுதியிருக்கும் தேக்குத் தளம்தான் எனக்குப் பயம். அந்தக் காலத் தளம் பெரும்பாலும் மேலும் கீழும் கண்ணாடி இழை, நடுவில் பால்சா மரம். அதன் மேல் தேக்குப் பட்டிகளை நூற்றுக்கணக்கான திருகாணி போட்டு இறுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு திருகாணியும் தண்ணீர் இறங்க ஒரு துளை. நாற்பது ஆண்டுகளில் நடுமரம் ஊறி, கூழாகி இருக்கலாம். சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் உள்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று கணீரென ஒலிக்கும். கெட்ட இடத்தில் 'தொப்' என்று அமுங்கிவிடும். பாய்மர அடியைச் சுற்றியும், பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் பக்கக் கம்பிகள் தளத்தில் இறங்கும் இடங்களிலும், நங்கூரம் தூக்கும் விஞ்சைச் சுற்றியும் கூடுதல் நேரம் செலவழியுங்கள். உள்ளங்கை அளவு இடம் ஊறியிருந்தால் சரி செய்யலாம். முன்தளம் முழுக்க ஊறியிருந்தால் தேக்கையும் மேல்தோலையும் உரித்து நடுமரத்தை மாற்ற வேண்டும். அந்தச் செலவு இந்தப் படகின் விலையில் பெரும் பகுதியைத் தின்றுவிடும்.

அந்தப் படகின் பாய்மரக் கம்பிகள் பற்றி உரிமையாளர் சொன்னதை எழுதியிருந்தீர்கள்: "பதினைந்து ஆண்டுகளாக ஒரு பிரச்சினையும் இல்லை." அது மாற்ற வேண்டும் என்பதற்கான காரணம். துருப்பிடிக்காத எஃகு காற்றோட்டம் இருக்கும் இடத்தில்தான் துருப்பிடிக்காது. தளத்துக்குள் புதைந்த பட்டைகளிலும், கம்பி முனையை அழுத்திப் பொருத்திய குழலுக்குள்ளும் ஈரம் தேங்கி ஆக்சிஜன் போகாமல் இருந்தால், வெளியே மின்னிக்கொண்டே உள்ளே அரித்துவிடும். கம்பிகளைப் பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் மாற்றுவது பொதுவான வழக்கம், காப்பீட்டு நிறுவனங்களும் கேட்கும். விலை பேசும்போது முழுக் கம்பி மாற்றும் செலவைக் கழித்தே பேசுங்கள். கம்பியை மட்டும் மாற்றிவிட்டு, அதைப் பிடித்திருக்கும் பழைய பட்டைகளை அப்படியே விடுகிறவர்கள் உண்டு. ஒன்றையாவது கழற்றி வெளியே எடுத்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

படகின் உடலில் ஆஸ்மாசிஸ் கொப்புளம் (கண்ணாடி இழைக்குள் நீர் ஊறி எழுவது) இருந்தால் பலர் அலறுகிறார்கள். அது பெரும்பாலும் பேரம் பேச உதவும் குறைதான், படகை மூழ்கடிக்கும் குறை அரிது. மூழ்கடிப்பவை சிறிய விஷயங்கள். உடலில் துளை போட்டு வைத்த கடல்நீர் வால்வுகள் பித்தளையா, வெண்கலமா என்று பாருங்கள். பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறிவிட்டால் உலோகம் இளஞ்சிவப்பாகி, தட்டினாலே உதிரும். ஒவ்வொரு வால்வையும் மூடித் திறந்து பாருங்கள். அப்புறம் சுக்கான்: படகைக் கரையேற்றியபின் அதன் அடியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். 'லொடலொட' என்று ஆடினால் தாங்கி தேய்ந்திருக்கிறது. அடி விளிம்பிலிருந்து நாள் கணக்கில் தண்ணீர் சொட்டினால் உள்ளே ஊறியிருக்கிறது.

என்ஜினுக்கு அதிகம் சொல்லப் போவதில்லை. நீங்கள் போகும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும். மேலே கை வைத்துப் பார்த்துச் சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த என்ஜின் எப்படிக் கிளம்புகிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்பதுதான் அதன் கதை. நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. ஓடிய மணி குறைவு என்பதை மட்டும் வைத்து மகிழாதீர்கள். ஓடாமல் நின்ற கடல் என்ஜினும் கெடும்.

சேமிப்பில் பத்தில் ஒன்பது

கீலைவிட இந்த எண்தான் உங்கள் பயணத்தை முடிவு செய்யும். பெருங்கடலுக்குத் தயார் நிலையில் விற்கும் பழைய படகு மிக அரிது. வாங்கும் விலையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைத் தயார்படுத்தத் தனியாக வையுங்கள் என்று என்னிடம் வரும் எல்லோருக்கும் சொல்கிறேன். கம்பிகள், பாய்கள், உயிர்காப்புத் தோணி, மின்கலங்கள், நங்கூரமும் சங்கிலியும், காற்றின் திசை பார்த்துத் தானே சுக்கான் பிடிக்கும் கருவி. வாடகைப் படகில் இவற்றில் பல இருக்காது. வார விடுமுறைக்காரர்களுக்கு அவை தேவைப்படவில்லை. அதற்கு மேல், ஆண்டுப் பராமரிப்புக்குப் படகு மதிப்பில் பத்தில் ஒரு பங்கு ஆகும் என்பது பழைய கணக்கு. இப்போது மிச்சமிருக்கும் பத்தில் ஒரு பங்கைப் பாருங்கள். மூன்று ஆண்டுச் சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள்?

36 அடிப் படகின் நீண்ட உபகரணப் பட்டியலையும் அப்படியே விலையில் சேர்க்காதீர்கள். பத்து ஆண்டு தாண்டிய ரேடார், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், கெடு முடிந்த உயிர்காப்புத் தோணி, இவற்றின் மதிப்பு பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு பேசுங்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: நீளம் வேகம் தரும். நாளுக்கு 120 கடல் மைல் போகும் படகு 3,000 மைல் கடக்க 25 நாள் எடுத்தால், 150 மைல் போகும் படகுக்கு 20 நாள் போதும். ஆனால் இருவரில் ஒருவர் தூங்கும்போது மற்றவர் தனி ஆள். ராத்திரி இரண்டு மணிக்குக் காற்று எகிறும்போது 44 அடிப் படகின் பெரிய பாயை நீங்கள் தனியாகச் சுருக்க முடியுமா? கணவர் உடம்பு முடியாமல் படுத்தால் அந்த நங்கூரத்தை நீங்கள் தூக்க முடியுமா? இதைப் பேசிப் பயனில்லை. இருவரும் தனித்தனியாகச் செய்து பாருங்கள்.

கடல்நோய்க்கும் நீளம் நேரடி மருந்து இல்லை. எடைக்கு ஏற்ற மிதமான அகலமுள்ள படகு மெதுவாக ஆடும்; அகலமான லேசான படகு வெடுக்கென்று ஆடும், எதிர்க்காற்றில் அலை மேல் 'தொம் தொம்' என்று விழும். அதனால் சோதனை ஓட்டத்தை அமைதியான காலையில் வைக்காதீர்கள். அலை இருக்கும் நாளில் போய், கீழே இறங்கி அடுப்படியில் அரை மணி நேரம் நின்று ஏதாவது வெட்டிப் பாருங்கள். படுக்கையிலும் படுத்துப் பாருங்கள். அகலமான இரட்டைக் கட்டில்கள் துறைமுகத்தில்தான் சுகம். சாய்ந்து ஓடும் படகில் உடம்பைப் பிடித்து வைக்கும் ஒடுக்கமான படுக்கை படகின் நடுவில் குறைந்தது இரண்டு வேண்டும்.

சர்வே, காகிதம்

அந்த இலவச அறிக்கையை வாங்கிப் படியுங்கள், பழைய குறைகள் தெரியும். ஆனால் அதை நம்பி வாங்காதீர்கள். அது வேறொருவருக்காக எழுதியது. அதில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் பொதுவாக நீங்கள் அந்த சர்வேயரைக் கேட்க முடியாது. உங்கள் சர்வேயரை நீங்களே தேடிப் பிடியுங்கள். தரகர் சிபாரிசு செய்யும் ஆளை எடுக்காதீர்கள். கரையேற்றிப் பார்ப்பது, கடல் ஓட்டம், பாய்மரம் ஏறிக் கம்பிகளைப் பார்ப்பது, என்ஜின் எண்ணெய்ச் சோதனை, இந்த நான்கும் அந்த வேலையில் அடங்க வேண்டும். பெரும்பாலான சர்வேயர்கள் பாய்மரம் ஏறுவதில்லை. முன்கூட்டியே கேட்டு, தேவைப்பட்டால் கம்பி வேலைக்காரரைத் தனியாக அமர்த்துங்கள்.

முன்பணம் வழக்கமாகப் பத்து சதவீதம். சர்வேயிலோ கடல் ஓட்டத்திலோ திருப்தி இல்லை என்றால் முழுவதும் திரும்ப வரும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். பணம் விற்பவரின் கைக்குப் போகாமல் பொறுப்புக் கணக்கில் இருக்கட்டும். படகின் மேல் கடன் இருந்தால், பணிமனைக்கோ ஊழியருக்கோ பாக்கி இருந்தால், பல நாடுகளில் அந்தப் பாக்கி படகோடு ஒட்டிக்கொண்டு உங்களிடம் வரும். நிறுவனப் பெயரில் ஓடிய வாடகைப் படகில் இதைக் கட்டாயம் விசாரியுங்கள். பின்புறத்தில் பொறித்த உடல் எண்ணையும் காகிதத்தில் உள்ள எண்ணையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இறக்குமதி வரி கட்டியதற்கான அத்தாட்சி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

என் முடிவைக் கேட்டால், 44 அடிப் படகை விட்டுவிடுங்கள். அது மோசமான படகு என்பதால் அல்ல. அதை வாங்கினால் அதைப் பெருங்கடலுக்குத் தயார்படுத்த உங்களிடம் பணம் இருக்காது என்பதால். 36 அடிப் படகுக்குச் சர்வேயை நிபந்தனையாக வைத்து, கம்பிச் செலவைக் கழித்து ஒரு விலை சொல்லுங்கள். தளம் பெருமளவு ஊறியிருந்தால் அதையும் விட்டுவிட்டு மூன்றாவது படகைத் தேடுங்கள். அப்போது உங்கள் கணவரின் ஆசைக்கும் இடம் கொடுங்கள். 38, 39 அடியில், மிதமான கீலும் சுக்கானுக்கு முன்னால் அதைத் தாங்கும் நிலையான சிறு தகடும் (ஸ்கெக்) வைத்துக் கட்டிய படகுகள் நிறைய உண்டு. அவற்றில் நடுவழி கிடைக்கும்.

விலை சொல்வதற்கு முன்பே, அந்தப் படகின் வயதையும் நீங்கள் போக நினைக்கும் கடல்களையும் சொல்லி இரண்டு காப்பீட்டு நிறுவனங்களிடம் எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்குங்கள். இரண்டு பேர் மட்டும் கடல் கடக்க எத்தனை மைல் அனுபவம் கேட்கிறார்கள், கம்பி எந்த ஆண்டுக்குள் மாற்றியிருக்க வேண்டும் என்பதை அவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதில் கைக்கு வந்தபின் சர்வேக்கு நாள் குறியுங்கள்.